ஃப்ளீட்கார்டு கூலன்ட் டெஸ்ட் ஸ்ட்ரிப்: டீசல் மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்களுக்கு

டீசல் மோட்டார்ஹோம் (உள்ளேயே வீடு மாதிரி வசதி உள்ள பெரிய வண்டி) வாங்கியிருக்கிறேன், முதலில் என்ன வாங்கி வைக்கலாம் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இந்தச் சின்ன ஸ்ட்ரிப்பைத்தான். ஃப்ளீட்கார்டு கம்பெனியின் சிசி2602. ஒரு பிளாஸ்டிக் பட்டை, அதில் மூன்று கட்டங்கள். இன்ஜினின் சூட்டைத் தணிக்க ஓடும் திரவமான கூலன்ட்டில் முக்கி எடுத்தால் ஒரு கட்டம் அது எவ்வளவு குளிரில் உறையும் என்று சொல்லும். மற்ற இரண்டும் இரும்பை அரிக்காமல் காக்கும் மாலிப்டேட், நைட்ரைட் என்ற மருந்துகளின் அளவைக் காட்டும். ஒரு பட்டைக்குச் சில டாலர்தான் ஆகும். மோட்டார்ஹோம் சாமான் விற்கும் ஆர்வி கடைகளில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. லாரி பார்ட்ஸ் விற்கும் இடத்தில் கேட்டால் கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள்.

நான் இருப்பது அரிசோனாவில், சாண்ட்லரில். ஓய்வு பெறும்வரை தொழிற்சாலைகளில் குளிரூட்டும் இயந்திரங்களான சில்லர்களின் தண்ணீரைப் பரிசோதிப்பதுதான் என் வேலை. மூடிய சுற்றில் ஓடிக்கொண்டே இருக்கும் தண்ணீர் குழாயை அரிக்காமல் இருக்க நைட்ரைட்டோ மாலிப்டேட்டோ போட்டு, அளவு குறைகிறதா கூடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்போம். பிறகு நாங்கள் ஒரு பழைய மோட்டார்ஹோம் வாங்கினோம். 2005 மாடல், 38 அடி நீளம், இன்ஜின் பின்பக்கம், கம்மின்ஸ் ஐஎஸ்சி 8.3 லிட்டர். அதன் மேனுவலில் கூலன்ட் பகுதியைப் புரட்டினால் அதே இரண்டு பெயர்கள். ஸ்டியரிங் வீட்டுக்காரருக்கு, கூலன்ட் எனக்கு என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு, கூலன்ட்டில் எதற்கு இத்தனை கெமிஸ்ட்ரி என்று தோன்றும். காரணம் லைனர். எங்கள் 8.3 லிட்டர் இன்ஜினில் பிஸ்டன் ஏறி இறங்கும் உருளை, பிளாக்குக்குள் தனியாகச் செருகப்பட்டது. அதுதான் லைனர். அதன் வெளிச்சுவரைக் கூலன்ட் நேராகத் தொட்டுக்கொண்டிருக்கும். டீசல் வெடிக்கும் ஒவ்வொரு முறையும் பிஸ்டன் லைனர் சுவரில் இடிக்க, சுவர் அதிர்கிறது. சுவர் ஒரு கணம் உள்ளே இழுத்துக்கொள்ளும்போது அதை ஒட்டியிருக்கும் கூலன்ட்டில் அழுத்தம் விழுந்து நுண்ணிய ஆவிக்குமிழ்கள் உண்டாகின்றன. சுவர் திரும்பி வரும்போது அந்தக் குமிழ்கள் உடைகின்றன. உடையும் விசை இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி எடுக்கும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றில் வருடக்கணக்கில் இது நடந்தால் லைனரில் குண்டூசி முனை அளவுக்கு ஓட்டை விழுந்து, கூலன்ட் ஆயிலில் கலந்துவிடும். அதன்பின் இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும். மோட்டார்ஹோமில் அந்தச் செலவு வண்டியின் மதிப்பில் பெரும் பகுதியைத் தின்றுவிடும்.

நைட்ரைட் செய்வது இதுதான்: இரும்பின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்றை உண்டாக்குகிறது. குமிழ் உடையும்போது அடி வாங்குவது அந்தப் படலம். அது உரிந்தால் நைட்ரைட் திரும்பவும் ஒன்றை உண்டாக்கும். அதனால் நைட்ரைட் செலவாகிக்கொண்டே இருக்கும், அவ்வப்போது ஈடு செய்ய வேண்டும். இதற்காகப் போடும் மருந்துக்குத்தான் எஸ்சிஏ என்று பெயர். கம்மின்ஸிலேயே சிறிய 5.9 லிட்டர் இன்ஜினில் இப்படிச் செருகிய லைனர் கிடையாது, பிளாக்கிலேயே துளை போட்டிருப்பார்கள். உங்களுடையது அந்த இன்ஜின் என்றால் இந்தக் கவலை பெருமளவு குறைவு. அதனால் முதலில் உங்கள் இன்ஜின் எது என்று பாருங்கள்.

இனி ஸ்ட்ரிப்பைப் பயன்படுத்தும் விதம். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. மூடி 15 பிஎஸ்ஐ அளவு அழுத்தத்தை அடக்கி வைத்திருக்கும், திறந்தால் முகத்தில் அடிக்கும். சாம்பிளை ஓவர்ஃப்ளோ பாட்டிலிலிருந்து எடுக்காதீர்கள். அங்கே தேங்கி நிற்பது சுற்றில் ஓடுவதற்குச் சரியான சாட்சி இல்லை. நான் ரேடியேட்டர் அடியில் இருக்கும் டிரெயின் காக்கைக் கொஞ்சம் திறந்து, முதலில் வரும் அழுக்கைத் தனியாக விட்டுவிட்டு, அடுத்து வருவதைச் சுத்தமான கண்ணாடிக் குப்பியில் பிடிப்பேன். கூலன்ட்டின் சூடு 50 முதல் 130 டிகிரி பாரன்ஹீட்டுக்குள் இருக்க வேண்டும். எங்கள் ஊர் ஜூலை மாதத்தில் வெயிலில் நிறுத்திய வண்டி ஓடாமலே இந்த மேல் எல்லையை நெருங்கும். அதனால் விடியற்காலைதான் சரி.

பட்டையை ஒரு நொடி முக்கி எடுத்து, ஒரு உதறு உதறி, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 45 நொடி ஆனதும் உறைநிலைக் கட்டம், உடனே மாலிப்டேட், அப்புறம் நைட்ரைட். 75 நொடிக்குள் மூன்றையும் படித்து முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் நிறம் மாறிக்கொண்டே போகும், அந்த எண்ணை நம்பக் கூடாது. கூடவே வரும் வண்ண அட்டையில் மாலிப்டேட் ஒரு பக்கம், நைட்ரைட் ஒரு பக்கம், நடுவில் கட்டம் கட்டமாக எண்கள். இரண்டு நிறமும் சந்திக்கும் கட்டத்தில் இருக்கும் எண், ஒரு கேலனில் எத்தனை யூனிட் எஸ்சிஏ இருக்கிறது என்று சொல்லும். நிறம் இரண்டு கட்டங்களுக்கு நடுவில் விழுந்தால் குறைவான எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த அட்டையை யோசித்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். நைட்ரைட் மட்டும் குறைந்து மாலிப்டேட் நன்றாக இருந்தால் அது வேறு நிலை. இரண்டும் சேர்ந்து குறைந்தால் வேறு நிலை. இரண்டையும் சேர்த்துப் பார்த்து ஒரே எண்ணாகத் தருகிறார்கள். கெமிஸ்ட்ரி தெரியாத ஒரு லாரி டிரைவர் கூட ஒரு நிமிடத்தில் முடிவெடுக்கலாம்.

கம்மின்ஸ் சொல்லும் அளவு கேலனுக்கு 1.2 முதல் 3 யூனிட் வரை. 1.2க்குக் கீழே போனால் மருந்து சேர்க்க வேண்டும். 3க்கு மேல் போனால் ஒன்றும் சேர்க்கக் கூடாது, இறங்கும்வரை ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் சோதிக்க வேண்டும்.

எங்கள் வண்டியில் முதன்முதலில் முக்கி எடுத்த பட்டையில் நைட்ரைட் கட்டம் அட்டையில் இருக்கும் கடைசி இளஞ்சிவப்பை விட அழுத்தமாக வந்தது. மாலிப்டேட்டும் கடைக்கோடியில். பழைய வண்டி ஆயிற்றே, மருந்து தீர்ந்து போயிருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் எல்லோரும் இந்தச் சோதனையைச் செய்வார்கள். இங்கே தலைகீழ்.

முன்பு வண்டியைப் பராமரித்த ஒரு சர்வீஸ் கடையின் ரசீதுகள் கையுறைப் பெட்டியில் இருந்தன. எடுத்துப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. இந்த இன்ஜின்களில் கூலன்ட்டுக்கென்று தனி ஃபில்டர் உண்டு. அதில் ஒரு வகை ஃபில்டருக்குள்ளேயே எஸ்சிஏ அடைத்து வரும், கூலன்ட் ஓட ஓடக் கரையும். லாரியில் ஆயில் மாற்றும்போது இதையும் மாற்றுவார்கள். லாரி அந்த இடைவெளியில் பதினைந்தாயிரம் மைலோ அதற்கு மேலோ ஓடியிருக்கும், மருந்தும் அதற்கேற்பச் செலவாகியிருக்கும். மோட்டார்ஹோம் அப்படியா? வருடத்தில் மூவாயிரம், நாலாயிரம் மைல், மற்ற நாளெல்லாம் நிறுத்தி வைத்திருக்கும். ஆனால் வருடம் தவறாமல் ஆயில் மாற்றம், கூடவே மருந்து அடைத்த புது ஃபில்டர். எந்த ரசீதிலும் கூலன்ட்டைச் சோதித்ததாக ஒரு வரி இல்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் போட்டிருப்பார்கள். வருடா வருடம் சேர்ந்து சேர்ந்து இந்த நிலைக்கு வந்திருக்கிறது.

அதிகம் இருந்தால் என்ன, பாதுகாப்புதானே என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. கரைந்திருக்கும் உப்பு அளவு மீறினால் அது படியத் தொடங்கும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் பிசின் மாதிரி கட்டும், வாட்டர் பம்ப்பின் சீலைத் தேய்க்கும். எங்கள் பம்ப்பின் அடியில் கசிவுத் துளையைச் சுற்றி வெளிறிய பச்சையில் காய்ந்த பொருக்கு ஒன்று இருந்தது. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. என் பழைய வேலையில் அளவு மீறிய சுற்றுகளின் பம்ப்களில் அடிக்கடி பார்த்த அதே பொருக்கு.

ஸ்ட்ரிப்பின் எல்லை முடியும் இடத்தில் சரியான எண் தெரியாது என்பதால் ஒரு சாம்பிளை லேப்புக்கு அனுப்பினேன். முடிவு ஸ்ட்ரிப் சொன்ன திசையிலேயே இருந்தது. அப்புறம் மருந்து இல்லாத வெறும் ஃபில்டரைப் போட்டு, கூலன்ட்டில் ஒரு பகுதியை இறக்கி மாற்றினோம். இங்கே ஒரு நுணுக்கம். கடையில் கிடைக்கும் ஹெவி டியூட்டி கூலன்ட்டில் பெரும்பாலானவை எஸ்சிஏ கலந்தே வரும். டப்பாவில் ஏஎஸ்டிஎம் டி6210 என்ற தர எண் போட்டிருக்கும். அதை ஊற்றினால் மருந்து குறைய வழியில்லை. டி4985 என்று மட்டும் போட்டிருப்பது மருந்து கலக்காத, சிலிக்கேட் குறைந்த வகை. அதை வாங்கி, டிஸ்டில்டு வாட்டரில் சரிபாதி கலந்து ஊற்றினோம். ஃபீனிக்ஸ் பக்கத்துக் குழாய்த் தண்ணீர் கடும் உப்பு. அதைக் கூலன்ட்டில் சேர்த்தால் சுண்ணாம்பு படிவதை மருந்தை மட்டும் நம்பித் தடுக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இறக்கிய கூலன்ட்டைத் தரையில் விடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எத்திலீன் கிளைகால் இனிக்கும். நாய், பூனை நக்கிக் குடிக்கும், கொஞ்சம் குடித்தாலே செத்துப்போகும். மூடியுள்ள வாளியில் பிடித்து, நகரத்தின் அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். வாளிகள் தாராளமாக வேண்டும். மோட்டார்ஹோமில் இன்ஜின் பின்னால் இருக்கும், டாஷ் ஹீட்டர் முன்னால் இருக்கும். வண்டி நீளம் முழுக்க இரண்டு ஹோஸ்களில் கூலன்ட் போய்வருவதால், காரில் எதிர்பார்ப்பதைவிடப் பல மடங்கு வரும்.

ஸ்ட்ரிப்பில் குறைகள் இல்லாமல் இல்லை.

உறைநிலைக் கட்டம் தோராயம்தான். மைனஸ் 34 பாரன்ஹீட்டா இல்லை அதற்குப் பத்து டிகிரி முன்னே பின்னேயா என்று அந்த நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு ரிஃப்ராக்டோமீட்டர்தான் சரி. ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தில் பிடித்தால் கோடு தெளிவாக நிற்கும். மலை மேல் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் குளிர்காலத்தில் போகிறவர்கள் அதையும் ஒன்று வாங்கி வையுங்கள். முதலில் டிஸ்டில்டு வாட்டர் ஒரு சொட்டு விட்டு 32 டிகிரியில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிறத்தைப் படிப்பது ஆளுக்கு ஆள் மாறும். என் கண்ணுக்கும் வீட்டுக்காரர் கண்ணுக்கும் நைட்ரைட் கட்டம் ஒரே மாதிரி தெரிவதில்லை. அதனால் எப்போதும் ஒரே ஆள், பகல் வெளிச்சத்தில், நிழலில் நின்று படிப்பது என்று வைத்திருக்கிறோம். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் படிக்கவே கூடாது. எண்ணை விட, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் எனக்கு முக்கியம். ஒரே கண் படித்தால் அந்த வித்தியாசத்தை நம்பலாம்.

மூன்றாவது, இந்த ஸ்ட்ரிப் எல்லாக் கூலன்ட்டுக்கும் ஆகாது. ஓஏடி என்று சொல்லும் நீண்டகாலக் கூலன்ட்டுகளில் பலவற்றில் நைட்ரைட்டே இருக்காது. அதில் முக்கினால் ஸ்ட்ரிப் பூஜ்யம் காட்டும். அதைப் பார்த்து மருந்தை ஊற்றினால் நல்ல கூலன்ட் கெட்டுவிடும். அந்த வகைக்குத் தனி ஸ்ட்ரிப் உண்டு. நிறத்தைப் பார்த்து வகையைச் சொல்ல முடியாது. பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் கம்பெனி போடும் சாயம்தான். டப்பாவையோ பழைய ரசீதையோ பார்த்து உறுதி செய்த பிறகு பட்டையை எடுங்கள்.

அப்புறம், ஸ்ட்ரிப் ரேடியேட்டருக்கு உள்ளே ஓடுவதைத்தான் பார்க்கும், வெளிப்பக்கத்தைப் பார்க்காது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மோட்டார்ஹோம் சூடாவதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது இதுதான்.

ஃபீனிக்ஸிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் போகும் ஐ-17 சாலை, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 அடியில் தொடங்கி 6,900 அடியில் முடியும். பிளாக் கேன்யன் சிட்டி தாண்டியதும் சன்செட் பாயிண்ட் வரை ஒரே ஏற்றம். வெயில் காலத்தில் கார்களே புகைந்து ஓரத்தில் நிற்கும். எங்கள் கூலன்ட் அளவுக்கு வந்த பிறகும் அந்த ஏற்றத்தில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் 200 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. வீட்டுக்காரர் கியரைக் குறைத்து, இன்ஜின் சுற்றைக் கூட்டினார். பம்ப்பும் ஃபேனும் வேகமாகச் சுற்றியதால் ஏறுவது நின்றது. அதோடு விட்டுவிடக் கூடிய விஷயம் இல்லை.

எங்கள் வண்டியில் ரேடியேட்டர் பின்சுவரில் இருக்கிறது. ஃபேன் காற்றை இன்ஜின் பக்கமிருந்து பின்னால் தள்ளுகிறது. முதலில் சார்ஜ் ஏர் கூலர் (டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விப்பது), அதற்குப் பின்னால் ரேடியேட்டர். இன்ஜினின் பிரீதர் குழாய் வழியாக ஆயில் ஆவி கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டும். அந்தக் குழாயின் வாய் ஃபேனுக்கு முன்னால் முடிந்தால், ஃபேன் அந்த ஆயிலை அள்ளிக் கூலரின் ஃபின்கள் என்ற மெல்லிய தகடுகளில் பூசிவிடும். மேலே பாலைவனத் தூசி. பின்னாலிருந்து கிரில் வழியாகப் பார்த்தால் ரேடியேட்டர் பளிச்சென்று இருக்கும். அழுக்கு மறுபக்கம். இன்ஜினுக்கு மேலே இருக்கும் படுக்கையைத் தூக்கி, அடியில் இருக்கும் மூடியைத் திறந்து, டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துப் பார்த்தோம். ஃபின் எது, இடைவெளி எது என்று தெரியாமல் கீழ்ப்பாதி முழுக்கக் கறுப்புக் கம்பளி போர்த்தியதுபோல அடைத்திருந்தது.

கழுவுவதற்கு அலுமினியத்துக்கு ஆகும் என்று லேபிளில் போட்டிருக்கும் டிகிரீசர் மட்டும்தான். ஃபேன் பக்கமிருந்து தெளித்து, ஊற விட்டு, சாதாரணத் தோட்ட ஹோஸால் கழுவ வேண்டும். பிரஷர் வாஷரைக் கொண்டுபோனால் ஃபின்கள் மடிந்து படுத்துவிடும். அதன்பின் அழுக்கே தேவலை என்று ஆகிவிடும். வெளியே வரும் தண்ணீர் தெளிவாகும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். முதலில் வந்தது அடுப்புக்கரி கரைத்த மாதிரி இருந்தது. பிரீதர் குழாயில் ஒரு ஹோஸ் சேர்த்து, வாய் ரேடியேட்டரைத் தாண்டிப் பின்னால் கீழே முடியும்படி நீட்டிவிட்டோம். பல வண்டிகளில் செய்யும் மலிவான வேலை இது. அடுத்த முறை அதே ஏற்றத்தில் முள் 190 பக்கத்திலேயே நின்றது.

சரி, யார் எதை வாங்கலாம்? இந்த ஸ்ட்ரிப் ஐம்பது பட்டை பாட்டிலாகவும் கிடைக்கும், தனித்தனியாக உறையிட்டும் கிடைக்கும். ஒரே வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனி உறைதான் நல்லது. வருடத்துக்கு இரண்டு தடவை சோதித்தால் போதும்: நீண்ட பயணத்துக்கு முன்னால் ஒன்று, ஆயில் மாற்றும்போது ஒன்று. ஐம்பது தீர்வதற்குள் பாட்டிலின் காலாவதி தேதி தாண்டிவிடும். மூடியைத் திறந்து மூடத் திறந்து மூட ஈரம் ஏறும். பயன்படுத்தாத பட்டையிலேயே நைட்ரைட் கட்டம் நிறம் மாறியிருந்தால் அந்தப் பாட்டிலைத் தூக்கி எறியுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வதென்றால் பாட்டில் லாபம். ஜனவரியில் அரிசோனாவின் குவார்ட்ஸைட் ஊரில் ஆர்விகள் கூடும்போது நான் பாட்டிலைக் கொண்டுபோவேன். பக்கத்து வண்டிக்காரர்கள் குப்பியோடு வருவார்கள்.

எங்கு வாங்கினாலும் வண்டிக்குள் வைக்காதீர்கள். அரிசோனா வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டியின் உள்ளே இருக்கும் சூட்டில் இந்தக் கட்டங்களின் ரசாயனம் தாங்காது. எங்கள் வீட்டில் அது மாவு டப்பாக்கள் இருக்கும் அலமாரியின் மேல்தட்டில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. சோதிக்கும் தேதி, ஓடோமீட்டர், மூன்று கட்டங்களின் அளவு, சேர்த்த கூலன்ட் எவ்வளவு என்று எழுதும் நோட்டும் அங்கேதான்.

ஓஏடிக்கு மாறிவிட்டால் இந்தச் சோதனையே வேண்டாமே என்று சிலர் சொல்கிறார்கள். புது வண்டிக்கு அது சரியான யோசனை. எங்களுடையதில் முன்பக்க ஹீட்டர் லைன், தண்ணீர் சூடாக்கும் லைன் என்று மூலை முடுக்கெல்லாம் பழைய கூலன்ட் நிற்கிறது. அதையெல்லாம் முழுக்கக் கழுவி வெளியேற்றாமல் ஓஏடியை ஊற்றினால் இரண்டும் கலந்து எதன் பலனும் முழுதாகக் கிடைக்காது. ஹோஸ்களை மாற்றும் காலம் வரும், அப்போது எல்லா லைனையும் கழற்றித்தான் ஆக வேண்டும், அன்றைக்கு மாறிக்கொள்ளலாம். இப்போதைக்குக் கடைசியாக முக்கி எடுத்த பட்டையில் 2.4 யூனிட். இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, 1.2ஐத் தொடும்வரை மருந்து அடைத்த ஃபில்டரை வண்டிப் பக்கம் கொண்டுவர வேண்டாம் என்று ஆயில் மாற்றுபவரிடம் எழுதியே கொடுத்திருக்கிறேன்.